வன்னியின் நிலக்காட்சி: தைலவர்ண ஓவிய வரிசையொன்றைத் தொடங்குமுன்

நிலக்காட்சி ஓவியம் ஓவியக்கலையின் பிரிவுகளுள் எளியதெனப் பொதுவாகக் கருதப்படுவதுண்டு. பாடசாலை மாணவர் முதன்முதல் வரையப் பழகுவது மலையும் சூரியனும் ஆறும் குடிசையுமே. சமூகத்தின் முரண்பாடுகளை எடுத்துரைப்பதற்கு மனித உருவமே ஏற்றதென்றும், நிலமும் நீரும் வானும் ஓய்வுநேர அழகுணர்ச்சிக்கு உரியனவென்றும் முற்போக்குக் கலை விமரிசகர் சிலரும் எண்ணியதுண்டு. இக்கருத்து மீள்பரிசீலனைக்கு உரியதென்பதே எமது துணிபு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பைப் பொருளாகக் கொண்டு, தைலவர்ணத்தில் நிலக்காட்சி வரிசையொன்றைத் தொடங்க முனையும் ஓவியர், கித்தானை விரிக்கும் முன்னரே ஒரு வினாவை எதிர்கொள்ள வேண்டியவராகின்றார். எங்கே நின்று பார்ப்பது என்பதே அவ்வினா.

இது தூரநோக்கு விதிகளால் மட்டும் விடைகாணத்தக்க வினாவன்று. நிலத்தைப் பார்ப்பவர் யார், அந்நிலத்தோடு அவருக்குள்ள உறவு யாது, அங்கு உழைத்தோரும் வாழ்ந்தோரும் சட்டகத்துக்கு உள்ளே உள்ளனரா வெளியே உள்ளனரா என்பனவெல்லாம் இவ்வினாவில் அடங்கும். இக்கட்டுரையில் நாம் முதலில் நிலக்காட்சி என்னும் வகைமையின் வரலாற்றையும், அடுத்து வன்னி நிலத்தின் இயல்பையும் நோக்கி, அவற்றின் அடிப்படையில் ஓவிய வரிசையொன்றைத் தொடங்கும் முறைபற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விழைகின்றோம்.

1. காட்சியும் உடைமையும்

ஐரோப்பிய ஓவிய மரபில் நிலக்காட்சி நெடுங்காலம் சமயக் கதைகளுக்கும் புராணக் கதைகளுக்கும் பின்னணியாகவே அமைந்திருந்தது. அது தனித்ததொரு வகைமையாகச் செழித்தது 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்திலாகும். வணிக வளர்ச்சியால் உருவான நகர்ப்புற நடுத்தர வகுப்பார் தம் வீட்டுச் சுவர்களுக்கு வாங்கிய ஓவியங்களுள் நிலக்காட்சிகள் கணிசமானவை. சந்தையின் தோற்றமும் நிலக்காட்சியின் தோற்றமும் அங்கே இணைந்து நிகழ்ந்தமை கவனிக்கத்தக்கது.

இவ்வுறவை இன்னும் வெளிப்படையாகக் காட்டும் ஓவியம் தோமஸ் கெயின்ஸ்பரோ 1750ஆம் ஆண்டளவில் தீட்டிய 'திரு, திருமதி அன்ட்ரூஸ்' ஆகும். ஓக் மரத்தடியிலே கணவர் துப்பாக்கியோடு நிற்கின்றார். மனைவி ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றார். அவர்களுக்கு அப்பால் அறுவடை முடிந்த வயலும் நெற்கட்டுகளை ஒத்த கோதுமைக் கட்டுகளும் பரந்து கிடக்கின்றன. அறுத்த கைகளை மாத்திரம் எங்கும் காணவியலாது. ஜோன் பேர்ஜர் 1972இல் வெளியிட்ட 'பார்க்கும் முறைகள்' என்னும் நூலிலே, இவ்விருவரும் இயற்கையை இரசிக்கும் தம்பதியர் மாத்திரமல்லர், நிலவுடைமையாளர் என்பதையும், தமது உடைமையைத் தைலவர்ணத்தின் திண்மையோடு கண்டு மகிழ்வது அவர்களுக்குக் கிட்டிய இன்பங்களுள் ஒன்று என்பதையும் எடுத்துக்காட்டினார். தைலவர்ணம் பொருளின் பாரத்தையும் பளபளப்பையும் தொட்டுணரத்தக்கவாறு காட்டவல்லது. அவ்வாற்றல் உடைமையுணர்வுக்கு நெடுங்காலம் பணிசெய்தது என்பதை அவ்வூடகத்தைக் கையிலெடுக்கும் எவரும் மறத்தலாகாது.

குடியேற்றவாதத்தோடு நிலக்காட்சி மரபு இலங்கைக்கும் வந்தது. சாமுவேல் டானியல் 1808இல் வெளியிட்ட இலங்கைக் காட்சித் தொகுதியும், 1846இல் கொழும்பு வந்து ஓவியம் கற்பித்த அன்ட்ரூ நிக்கல் தீட்டிய காட்சிகளும் இம்மரபின் அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். வனப்பு மிக்க இடமெதுவெனப் பயணியின் கண்ணே தீர்மானித்தது. வன்னியோ அக்கண்ணுக்குப் பெரும்பாலும் கடந்துசெல்ல வேண்டிய காடாகவே தோன்றியது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் குளங்களையும் ஊர்களையும் விரிவாகப் பதிவுசெய்கின்றது. ஆயின் அது வரிவிதிப்பையும் நிருவாகத்தையும் கருத்திற்கொண்ட ஆட்சியாளரின் பார்வை என்பது வெளிப்படை.

தமிழர் மத்தியில் நவீன ஓவியம் நிறுவன வடிவம் பெற்றது யாழ்ப்பாணத்திலாகும். எஸ். ஆர். கனகசபை முன்னின்று 1938இல் தோற்றுவித்த வின்ஸர் ஓவியக் கழகமும், பின்னர் அ. மாற்கு (1933-2000) ஓவிய ஆசிரியராக ஆற்றிய பணியும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. மாற்குவைச் சிறப்பிக்கும் முகமாக 1987இல் வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்னும் தொகுதி ஈழத்துத் தமிழ்க் கலை விமரிசனத்தில் முக்கியமானதொன்றாகும். இவ்வரலாற்றில் நாம் காணும் நிலம் பெரும்பாலும் பனையும் வேலியும் கிணறும் கடற்கரையும் கொண்ட குடாநாட்டு நிலமே. வன்னி தனக்கெனத் தொடர்ச்சியானதொரு தைலவர்ண மரபைப் பெறவில்லை. ஆகவே, அங்கு இன்று வரிசையொன்றைத் தொடங்குவோர் ஆயத்தமான காட்சிப் படிமங்கள் இல்லாமலே தொடங்குகின்றனர். இது குறைபாடாகத் தோன்றினும் ஒருவகையில் வாய்ப்புமாகும்.

2. உழைப்பால் ஆக்கப்பட்ட நிலம்

வன்னியைக் 'கன்னிக் காடு' எனக் கருதுவது தவறு. அங்கு இயற்கையாகத் தோன்றும் காட்சிகளுட் பல மனித உழைப்பின் விளைவுகள். இதற்குக் குளமே தலைசிறந்த சான்று. தூரத்திலிருந்து பார்க்கும்போது இயற்கையானதோர் ஏரி போலத் தோன்றும் நீர்ப்பரப்பின் ஒரு பக்கத்தில் மண்ணாலான நீண்ட குளக்கட்டு உள்ளது. கட்டிலே துருசு, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின்கீழ் வயல். மிகைநீர் வெளியேற வான். மறுபக்கத்தே நீர் ஏறியும் வற்றியும் விளையாடும் அலைகரை. அதற்கப்பால் மேய்ச்சல் நிலமும் காடும். இவ்வொழுங்கை அறியாத ஓவியர் நீரையும் மரத்தையும் தீட்டலாம், குளத்தைத் தீட்டவியலாது.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக்குளம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாகியது. கிளிநொச்சியின் வயல்வெளிகளும் குடியேற்றங்களும் அந்நீரை நம்பியே விரிந்தன. பாலியாற்று நீரைத் தேக்கும் பண்டைய குளமாகிய வவுனிக்குளம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புனரமைக்கப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் மலேரியா கட்டுப்படுத்தப்பட்டமையும் இவ்விரிவுக்குத் துணைபுரிந்தது. குடாநாட்டிலிருந்து காணிதேடி வந்த விவசாயிகளும், 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்த மலையகத் தமிழரும் காடு வெட்டிக் களனியாக்கினர். அவர்களுட் பின்னையோர் பலர் தாம் திருத்திய நிலத்திலேயே காணியுரிமையற்ற கூலிகளாக நெடுங்காலம் உழைக்க நேர்ந்தமையும் இந்நிலத்தின் வரலாற்றுள் அடங்கும். பசுமையான வயலொன்றைத் தீட்டுகையில் இவ்வரலாற்றைத் தீட்டவியலுமா என வினவலாம். முழுமையாக இயலாது. எனினும், பாத்தியின் கோடும், வரம்பின் வளைவும், வயலோரத்துக் கொட்டிலின் தோற்றமும் அவ்வுழைப்பின் எழுத்துகளே. கெயின்ஸ்பரோ மறைத்த கைகளை நாம் அவற்றின் தடங்களிலேனும் காட்டவியலும்.

வன்னி நிலத்தின் இன்னோர் இயல்பு அதன் மாறுந்தன்மை. வடகீழ்ப் பருவமழையோடு புரட்டாதி, ஐப்பசியில் விதைக்கப்படும் காலபோகம் தை, மாசியில் அறுவடையாகும். குளநீரை நம்பிய சிறுபோகம் சித்திரையளவில் தொடங்கும். மார்கழியில் வான் பாயும் அதே குளத்தின் அலைகரை ஆவணியில் வெடித்த சேறாகி மாடுகள் மேயும் வெளியாகின்றது. மழை மிகும் ஆண்டுகளில் நீர் அச்சந்தருவதாகவும் மாறும். 2018 டிசம்பரில் இரணைமடுவின்கீழ்ப் பகுதிகளை மூழ்கடித்த வெள்ளம் இதற்குச் சான்று. ஒரே இடம் ஓராண்டில் நான்கு நிலங்களாகத் தோன்றுகின்றது. ஒற்றை ஓவியம் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றை மறுக்க வேண்டியதாகின்றது. வரிசை என்னும் வடிவம் இங்கு வசதிக்காகத் தேர்ந்துகொள்ளப்படுவதன்று. நிலமே அதனை வேண்டிநிற்கின்றது.

3. திணைக்கோட்பாடு தரும் ஒளி

நிலத்தையும் பொழுதையும் பிரிக்காது நோக்கும் முறை தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலமும் பொழுதும் சேர்ந்ததையே முதற்பொருள் என்கின்றது. அதனோடு விலங்கு, மரம், உணவு, தொழில் முதலிய கருப்பொருளும், மாந்தர் ஒழுக்கமாகிய உரிப்பொருளும் இணைந்தே திணை அமைகின்றது. மனிதரை விலக்கிய நிலம் இம்மரபிலே முழுமையற்றது. பிற்கால ஐரோப்பிய நிலக்காட்சி எதனை அழகின்பொருட்டு அகற்றியதோ அதனையே திணைக்கோட்பாடு மையமாகக் கொண்டது.

இங்கு பாலை பற்றிய கருத்து சிறப்பாக நோக்கற்பாலது. தொல்காப்பியர் நிலத்தை நால்வகையாகப் பகுக்கும்போது பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம்மியல்பு கெட்டுத் துயருறுத்தும் நிலையிலே பாலை என்னும் வடிவைப் பெறுமென்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். அதாவது, பாலை நிலைத்ததொரு நிலவகையன்று. நிலத்துக்கு நேரும் நிலைமாற்றம். அதன் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு.

2009 மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலிலும் நந்திக்கடலோரத்திலும் போர் முடிவுற்ற வேளையும் வேனிலே. அதே நந்திக்கடலின் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலும், அங்கு கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கமும் அக்காலத்துக்கே உரியன. நெய்தலும் மருதமும் முல்லையும் அடுத்தடுத்து அமைந்த ஒரு நிலம் மனிதரின் செயலாற் பாலையாயிற்று. இவ்வாறு கூறும்போது வெயிலின்மேற் பழிபோடும் அபாயம் உண்டு. இளங்கோ கூறிய பாலைக்குக் கோடை காரணம். வன்னியின் பாலைக்குப் போர் காரணம். இவ்வேறுபாடு ஓவியத்திலும் புலப்பட வேண்டும்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல்; வினைமேற் சென்றோர் மீள்வரெனக் காத்திருத்தல். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ருவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயிலடியில், வீதியோரத்தே தொடங்கிய தொடர் போராட்டத்தை அறிந்தோர்க்கு இச்சொல் இலக்கண நூலோடு நின்றுவிடாது. எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். திணைப் பெயர்களைத் தலைப்புகளாக ஒட்டிப் பழமையின் மயக்கத்தை உண்டாக்குவது எமது நோக்கமன்று. பண்டைய பாடல்களின் தலைவி காத்திருந்தது கார்காலம் வரையே. இத்தாய்மாரின் காத்திருப்புக்குப் பருவ எல்லை இல்லை. திணைக்கோட்பாட்டிலிருந்து நாம் பெறவேண்டியது பெயர்களையன்று. நிலம், பொழுது, மாந்தர் என்பவற்றைச் சேர்த்து நோக்கும் ஒழுக்கத்தையே.

4. வேலிக்கு வெளியே நின்று பார்த்தல்

போரின் பின்னரான நிலத்தை ஓவியம் எதிர்கொண்ட முறைகள் பல. முதலாம் உலகப்போரின் இறுதியாண்டாகிய 1918இல் போல் நாஷ் என்னும் ஆங்கில ஓவியர் குண்டுகளாற் சிதைந்த நிலத்தைத் தைலவர்ணத்திலே தீட்டினார். முறிந்த மரங்கள், புரண்ட மண்மேடுகள், அவற்றின்மேல் எழும் வெளிறிய சூரியன், மனிதர் எவருமில்லை. அதற்கு அவரிட்ட பெயர் 'நாம் புதியதோர் உலகைச் செய்கின்றோம்' என்பது. மனித உருவின்றியே மனிதச் செயலைக் குற்றஞ்சாட்டவியலும் என்பதற்கு அவ்வோவியம் சான்றாகும். வெறுமை அங்கே அமைதியைத் தருவதில்லை, கேள்வியை எழுப்புகின்றது.

ஈழத்துத் தமிழ்க் கலைஞரும் இப்பொருளை வேறு வழிகளில் அணுகியுள்ளனர். தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் நூலாக்கம், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த நிலவரைபடங்களை அடிப்படையாகக் கொண்டது. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டை நினைவூட்டும் தோம்பு என்னும் சொல்லே, நிலத்தைப் பதிவுசெய்யும் அதிகாரம் யாருடையது என்ற வினாவை எழுப்புகின்றது. ஜஸ்மின் நிலானி ஜோசப் மைக்கோடுகளால் வேலிகளையும் கைவிடப்பட்ட வீடுகளையும் வரைந்துள்ளார். இவை தைலவர்ணங்கள் அல்லவாயினும், தைலவர்ண வரிசை தொடங்குவோர் கற்கவேண்டிய முன்னோடி முயற்சிகளாகும். நினைவும் காட்சியின் ஓர் ஊற்று என்பதை இவை உணர்த்துகின்றன. '43 குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ் இங்கிலாந்திலே வாழ்ந்தபோதும் இலங்கைக் கடற்கரையைத் தொடர்ந்து தீட்டியமை இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

எங்கே நின்று பார்ப்பது என்ற எமது தொடக்க வினாவுக்கு மிகக் கூர்மையான விடையை அளித்தோர் ஓவியரல்லர். முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு, பிலவுக்குடியிருப்புப் பகுதிகளின் மக்களே அதனை அளித்தனர். இராணுவத்தின் வசமிருந்த தம் காணிகளை மீட்கக் கோரி அவர்கள் 2017இல் வீதியோரத்திலே கொட்டில் அமைத்து இரவுபகலாக அமர்ந்திருந்தனர். பிலவுக்குடியிருப்பு மக்கள் ஒருமாத காலப் போராட்டத்தின் பின் 2017 மார்ச் 1ஆம் நாள் தம் காணிகளுக்குட் சென்றனர். கேப்பாப்பிலவு மக்களின் போராட்டம் அதன் பின்னரும் தொடர்ந்தது. அன்ட்ரூஸ் தம்பதியர் தம் நிலத்தின் உள்ளே அமர்ந்து எம்மைப் பார்க்கின்றனர். கேப்பாப்பிலவு மக்கள் வேலிக்கு வெளியே அமர்ந்து தம் நிலத்தைப் பார்த்தனர். முன்னையது உடைமையின் நிலக்காட்சி; பின்னையது உரிமையின் நிலக்காட்சி. முள்வேலிக்கு அப்பால் தெரியும் மாமரத்தை, அதனை நட்டவர் பார்க்கும் பார்வையும் வீதியிற் செல்லும் பயணி பார்க்கும் பார்வையும் ஒன்றல்ல. மரத்தின் வடிவம் இருவருக்கும் ஒன்றே. ஓவியர் எந்தப் பார்வைக்கு அணுக்கமாக நிற்கின்றார் என்பதே கேள்வி.

இது குறித்து விழிப்பாயிருத்தல் இன்று மிகவும் வேண்டப்படுகின்றது. போரின் பின்னர் வன்னியின் சிதைவுகளே சுற்றுலாக் காட்சிகளாயின. கிளிநொச்சியில் வீழ்ந்துகிடந்த நீர்த்தாங்கி சில ஆண்டுகள் பார்வையாளர் படம்பிடிக்கும் காட்சிப்பொருளாயிருந்தது. சிதைவை அழகாகத் தீட்டுவதும் அதே பணியைச் செய்துவிடக்கூடும்.

5. வரிசையைத் தொடங்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து செயல்முறைக்குரிய சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, இடத்தேர்வு. வன்னி முழுவதையும் சுற்றி இருபது அழகிய இடங்களைத் தேர்வது பயணியின் முறை. ஒரு குளத்தையும் அதன்கீழுள்ள வயலையும் ஊரையும் தேர்ந்து ஓராண்டுக்கு மீண்டும் மீண்டும் செல்வது பயன்மிக்கது. குளோட் மொனே 1890-91இல் தமது ஊராகிய ஜிவர்னியின் தானியப் போர்களை வெவ்வேறு பொழுதுகளிலும் பருவங்களிலும் தீட்டி, அவற்றுட் பதினைந்தை 1891 மே மாதத்தில் பாரிசிலே ஒருங்கே காட்சிக்கு வைத்தார். அவர் தேடியது ஒளியின் மாற்றத்தை. வன்னியிலே ஒளியோடு நீர்மட்டமும் தொழிலும் மாறுகின்றன. ஆகவே, ஒரே குளக்கட்டில் ஒரே இடத்தில் நின்று, விதைப்பு, வான் பாய்தல், அறுவடை, வற்றல் ஆகிய நான்கு நிலைகளையும் தீட்டுவதே வரிசையின் முதுகெலும்பாக அமையலாம்.

இரண்டாவது, முன்னாய்வு. தீட்டும் முன் அவ்வூராரிடம் கேட்டறிதல் வேண்டும். இம்மரம் எப்போது நடப்பட்டது, இவ்வெளியில் முன்னர் யாருடைய வீடு இருந்தது, இப்பாதை எங்கு சென்றது என்பன சிறு வினாக்களே. ஆயின் விடைகள் சட்டகத்தின் எல்லையையே மாற்றிவிடக்கூடும். வீடிருந்த இடத்தில் எஞ்சியுள்ள கிணறு, அதனை அறியாதார்க்கு வெறும் கல்வட்டம். அறிந்தார்க்கு ஓவியத்தின் மையம்.

மூன்றாவது, வர்ணம். குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசுவது தொடக்கநிலையினரின் பொதுவான பிழை. பாலை, வீரை, முதிரை நிறைந்த உலர்வலயக் காட்டின் பச்சை கருமையும் சாம்பலும் கலந்தது. ஓக்கர் மஞ்சளோடு அல்ட்ராமரின் நீலத்தைச் சேர்த்து, சிறிது செம்மண் நிறத்தால் அடக்கிப் பெறுவதே அதற்கு அணுக்கமானது. இளநெல்லின் பச்சையோ ஒளிமிக்கது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாவிடின் காடும் களனியும், அதாவது இயற்கையும் உழைப்பும், ஒன்றாகிவிடும். செங்கபில மண்ணின் நிறத்தைக் கித்தானின் அடித்தளமாகவே பூசித் தொடங்குவது ஓவியம் முழுவதற்கும் பொதுவானதோர் ஒருமையைத் தரும். நண்பகல் ஒளியைத் தவிர்த்துக் காலையையும் மாலையையுமே தேர்வது வழக்கம். பாலையின் பொழுது நண்பகலாதலின், நிழல் சுருங்கி நிறம் வெளிறும் அவ்வேளையையும் சில ஓவியங்களேனும் துணிந்து ஏற்றல் வேண்டும்.

நான்காவது, ஊடகத்தின் காலம். தைலவர்ணம் நீர்வர்ணம்போல ஆவியாதலால் உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை உட்கொண்டு மெல்ல இறுகுகின்றது. கீழ்ப்படைகளில் எண்ணெய் குறைவாகவும் மேற்படைகளில் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும்; இன்றேல் மேற்பரப்பு வெடிக்கும். மாரியின் ஈரத்திலே கித்தான் தளரும், பூஞ்சணம் பிடிக்கும். கோடையிலே ஈரமான வர்ணத்திற் புழுதி படியும். எனவே, களத்திலே சிறிய பலகைகளில் விரைவான ஆய்வோவியங்களைத் தீட்டி, பெரிய கித்தான்களை உள்ளகத்திற் படிப்படியாக வளர்ப்பதே உகந்தது. இத்தாமதத்தைக் குறையெனக் கருதவேண்டியதில்லை. ஒரு படை உலரும்வரை காத்திருக்கும் ஓவியர் மீண்டும் களத்துக்குச் செல்கின்றார். நிலம் மாறியிருப்பதைக் காண்கின்றார். தாம் தீட்டியதைத் திருத்துகின்றார். முதற்பார்வையின் தீர்ப்பு இறுதித் தீர்ப்பாகாமல் ஊடகமே தடுக்கின்றது.

ஐந்தாவது, காட்சிப்படுத்தல். இத்தகைய வரிசை கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கண்காட்சிக்குச் செல்லுமுன், தீட்டப்பட்ட ஊரின் பொதுநோக்கு மண்டபத்திலேனும் பாடசாலையிலேனும் ஒருமுறை வைக்கப்படல் வேண்டும். துருசின் இடம் பிழையென்று ஒரு விவசாயி கூறின், அதுவே அவ்வோவியத்துக்குக் கிடைக்கத்தக்க முதற்றர விமரிசனமாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, வன்னியின் நிலக்காட்சியைத் தைலவர்ணத்தில் தொடங்குதல் என்பது ஒரு வகைமையின் பழைய உறவுகளை மாற்றியமைக்கும் முயற்சியாகின்றது. உடைமையைக் கொண்டாடப் பயன்பட்ட ஊடகத்தை, உழைப்பையும் இழப்பையும் உரிமையையும் சுட்டப் பயன்படுத்தவியலும் என நாம் நம்புகின்றோம். அம்முயற்சி துன்பத்தை மாத்திரம் தீட்டவேண்டுமென்பதும் இல்லை. பாலைத்திணை வேனிலின் கொடுமையைக் குறிப்பது. வன்னியின் பாலைமரமோ அவ்வேனிலிலேயே மஞ்சட் பழங்களாற் குலுங்குவது. மீண்டும் விதைக்கப்பட்ட வயலும், மீளக் கட்டப்பட்ட வேலியும், பழம் பொறுக்கச் செல்லும் சிறுவரும் அந்நிலத்தின் உண்மைகளே. அவற்றைத் தீட்டும் ஓவியர் அச்சிறுவரின் வீட்டார் எங்கே நின்று அந்நிலத்தைப் பார்த்தனரோ அங்கே சென்று தமது கித்தானை நிறுத்துவாராயின், வரிசை சரியான இடத்திலே தொடங்கியதாகும்.